முடியின் மெருகும் கையின் மாண்பும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வழக்கு. நாடக மேடைக்கு அது முற்றும் பொருந்தும். ஆயின், அம்மேடையில் ஒளிரும் மணிமுடியைச் செதுக்கித் தேய்த்து வண்ணந்தீட்டி முடித்த கைகளை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

திருவள்ளூர், காஞ்சிபுரம் உள்ளிட்ட வடதமிழகச் சிற்றூர்களில் விடிய விடிய நிகழும் தெருக்கூத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். வீரவேடம் பூணுவோர் அணியும் முடியும் தோளணியும் மார்புப் பதக்கமும் 'கட்டை' எனப்படும். கட்டைக்கூத்து என்னும் பெயரும் அதனால் எழுந்ததே. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்து அவற்றை ஆக்குவர். இரவெல்லாம் சுமந்து ஆடுவோர்க்கு எடையின்மை வேண்டும். விளக்கொளி தெறிக்கக் கண்ணாடி வேண்டும்.

இம்மரபின் தொன்மையைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை காட்டும். தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக்காம்பைக் கொண்டு, கணுக்கள்தோறும் நவமணி பதித்து, இடையிடையே பொற்றகடு போர்த்துத் தலைக்கோலை அமைத்தனர். அரங்கப் பொருளொன்றை முடிக்கும் முறையையும் காப்பியத்துள் வைத்துப் பாடினார் இளங்கோவடிகள். நாமோ அப்பகுதியைத் தேர்வுக்கு மனனம் செய்கிறோம். ஆண்டுவிழா வந்தால் நெகிழி முடியை வாடகைக்கு எடுக்கிறோம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பைத் தேய்த்தும் வண்ணம் தெளித்தும் இரவுப்பணி பார்க்கும் பெற்றோரின் ஊதியத்தில் இவ்வட்டாரப் பிள்ளைகள் பலர் பட்டம் பயில்கின்றனர். அவர்கள் கைத்தொழிலை இழிவெனக் கருதியவாறே கல்லூரியை விட்டுச் செல்வாராயின், நாம் கற்பித்த தமிழால் விளைந்த பயன் யாது? தாவூது நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போற்றியுரைத்ததை நாம் மறத்தலாகாது.

எனவே, துறை நாடகங்களுக்குரிய முடியை மாணவரே செய்து முடித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. மரம் நன்கு உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, அடிப்பூச்சு இட்டு, மெல்லிய பூச்சுகளாக வண்ணம் ஏற்றுதல் வேண்டும். ஒன்று உலருமுன் அடுத்ததை இட்டால் மேற்பரப்பு சுருங்கிவிடும். பொறுமையை இதனினும் நன்கு கற்பிக்கும் பாடம் அரிது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆலைகளில் எஞ்சிய வண்ணத்தை வாங்கிப் பூசலாகாது. வீட்டுப்பூச்சு, அலங்காரப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கை மிகலாகாது என்னும் 2016ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆலைப்பூச்சுகளை அவ்விதி கட்டுப்படுத்தாது. பழைய முடியை உலர்நிலையில் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சிற் கலக்கக்கூடும். நனைத்துத் தேய்த்தலே நன்று.

'கூத்தின் கதை நமக்குரியதன்றே' எனப் பெரியோர் சிலர் வினவலாம். அலிபாதுஷா நாடகமும் சீதக்காதி நொண்டி நாடகமும் இஸ்லாமியத் தமிழிலக்கிய வரிசையில் எண்ணப்படுவன அல்லவா? அவற்றை மேடையேற்றுவோம். கைவினையை அண்டை ஊர்க் கூத்துக் கலைஞரிடம் கற்போம். கற்பித்தவர்க்கு உரிய ஊதியத்தைத் தாழ்த்தாது வழங்குவோம். நாடகம் முடிந்ததும் நடித்தோர் பெயரோடு முடி செய்தோர் பெயரையும் மேடையில் அறிவிப்போம். எல்லாம் வல்ல இறைவன் நம் கைகளுக்கு நலம் அருள்வானாக!