புதிய கணினியும் பழைய எழுத்தும்

நுழையும்முன்

பழைய கணினியை அகற்றிப் புதியதை வாங்கும்போது விலையையும் வேகத்தையும் பார்க்கிறோம். பழையதில் எழுதி வைத்த தமிழ், புதியதிலும் தமிழாகவே திறக்குமா என்று கேட்பவர் சிலரே. அக்கேள்வியை எழுப்புகிறது இக்கட்டுரை.

ஏரியைக் காணவில்லை

சென்னையின் தென்பகுதியில், பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் இடையே அமைந்தது ஆதம்பாக்கம். அங்குள்ள தெருக்களில் திருமண அழைப்பிதழ், நினைவஞ்சலி அட்டை, குடமுழுக்கு மலர், மாணவரின் ஆய்வேடு எனப் பலவற்றையும் தட்டச்சுச் செய்து தரும் சிறு கடைகள் உண்டு. டி.டி.பி. கடை என்பதே மக்கள் வழக்கு. பதிப்பகங்களை நாட இயலாத ஒருவர், தம் கையெழுத்துப் படியை எடுத்துச் செல்லும் இடமும் அதுவே.

இத்தகைய கடை ஒன்றில் நிகழக்கூடியதை எண்ணிப் பார்ப்போம். பணி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் 2003ஆம் ஆண்டில் தம் பகுதி ஏரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறார். எந்த ஏரியின் நீர் எவ்வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்தது, எந்த மதகு எங்கிருந்தது, எந்தத் தெரு முன்பு வாய்க்காலாக இருந்தது என்பனவெல்லாம் அதில் உள்ளன. சில நூறு படிகள் அச்சாகி உறவினர்க்கும் நண்பர்க்கும் சென்றுவிடுகின்றன. இருபது ஆண்டுகள் கழிகின்றன. முதியவர் மறைந்தபின் மறுபதிப்பு வேண்டி அவருடைய பெயர்த்தி அதே கடைக்கு வருகிறார். கடைக்காரர் கோப்பைப் பேணி வைத்திருக்கிறார். ஆனால் கணினி புதியது. நூலை உருவாக்கிய பேஜ்மேக்கர் மென்பொருள் அதில் இல்லை. அம்மென்பொருளின் ஏழாம் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதற்குப்பின் அடுத்த பெரும்பதிப்பு வரவே இல்லை. எப்படியோ உள்ளிருக்கும் வரிகளை மட்டும் வெளியே எடுத்தால், திரையில் தோன்றுவது தமிழன்று. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் வரிசையாக நிற்கின்றன.

குறியீட்டை மாற்றித் தரும் மென்பொருளின் உதவியால் அவ்வரிகள் மீண்டும் தமிழாகின்றன. பெயர்த்தி மகிழ்ந்து, ‘ஏரி’ என்னும் சொல் எங்கெங்கே வருகிறது எனத் தேடச் சொல்கிறார். ஏரிகளைப் பற்றிய அந்நூலில் ‘ஏரி’ ஓரிடத்திலும் இல்லை என்று கணினி விடை கூறுகிறது!

வடிவமும் எழுத்தும்

இவ்விந்தைக்குக் காரணம் யாது? எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு உண்டு என்பதை மாணவர் அறிவர். கணினிக்கு ஒலியும் தெரியாது, வரியும் தெரியாது. எண் ஒன்றே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மனிதர்தாம் உடன்பட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் அவ்வுடன்பாடு தமிழுக்கு அமையவில்லை. அன்றைய முறையில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் உரியது. தமிழெழுத்துகளோ 247. எனவே எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு வடிவத் துண்டுகளை ஆங்காங்கே அடுக்கினர்.

ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ஆங்கில ‘ஜே’ இருக்கவேண்டிய இடத்தில் ‘த’ அமர்ந்திருக்கும். ‘கே’ இடத்தில் ‘ம’. ‘பி’ இடத்தில் இகரக் கொக்கி. ‘ஓ’ இடத்தில் ‘ழ’. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. இவ்வைந்தையும் தட்டினால் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும். ஆனால் கணினி தன் நினைவில் வைத்திருப்பது ஐந்து ஆங்கிலக் குறிகளையே. தமிழ் என்பது மேலே போர்த்திய போர்வை மட்டுமே. புதிய கணினியில் அப்போர்வை இல்லையெனில், உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும்.

இனி, காணாமற்போன ஏரிக்கு வருவோம். ‘ர’ என்னும் எழுத்துக்குக் கீழே ஒரு சாய்கோடு உண்டு. ‘ரி’, ‘ர்’ என எழுதுகையில் அக்கோட்டை விட்டுவிடுவது பலருடைய வழக்கம். கோடு நீங்கினால் எஞ்சுவது நெடிலுக்குரிய கால் போலவே இருக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்தோர் இவ்வொற்றுமையைப் பயன்படுத்திக்கொண்டனர்; ரகரத்தைத் தட்டாமல் காலைத் தட்டி, அதன்மேல் கொக்கியை இட்டனர். தாளில் படிப்பவர்க்கு யாதொரு வேறுபாடும் இல்லை. கணினிக்கோ அது ‘ஏ’, கால், கொக்கி என மூன்று துண்டுகள், ‘ஏரி’ அன்று. செம்மையாக உருவாக்கிய மாற்றி இதனை உணர்ந்து திருத்திவிடும். எல்லா மாற்றிகளும் அத்தகையன அல்ல. பெயர்ப்பட்டியல் ஒன்றில் இப்பிழை நேர்ந்தால் மாரியப்பனும் மரியாளும் பட்டியலில் இருந்தும் இல்லாதவராவர். கண்ணுக்குத் தெரிகிற பிழையைவிடக் கண்ணுக்குத் தெரியாத இப்பிழையே அஞ்சத்தக்கது.

உடன்பாடு தேடிய ஆண்டுகள்

இச்சிக்கலைத் தமிழர் உணராமல் இல்லை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும், தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. உலகெங்கும் பரவியிருந்த ஆர்வலர் இணைந்து உருவாக்கிய திஸ்கி முறையும் அக்காலத்தில் வழங்கியது. நாளிதழ்களோ தத்தம் வழியில் சென்றன. இதழுக்கு ஓர் எழுத்துரு என்று இறக்கிக்கொண்டாலன்றி, அவற்றின் இணையப் பக்கங்களைப் பெரும்பாலும் படிக்க இயலாது.

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி 1991இலேயே தமிழையும் சேர்த்துக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் பதிப்பு, லதா என்னும் எழுத்துருவுடன் அதனைத் தாங்கி வந்தது. இம்முறையில் ‘கொ’ என்பதைக் கொம்பு, ககரம், கால் என்று கண் காணும் வரிசையில் கணினி வைப்பதில்லை. ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் வைக்கிறது. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகக் காணும் இலக்கண நெறிக்கு இது அணுக்கமானது. வடிவம் வேறு, எழுத்து வேறு என்னும் தெளிவும் இதனால் கிடைத்தது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’, ‘னை’ முதலியன துதிக்கை போன்ற கொம்புடன் அச்சாயின. இன்று ஒருவர் அவ்வடிவத்தைக் காண விரும்பினால் எழுத்துருவை மாற்றினால் போதும். உள்ளிருக்கும் எழுத்தைத் தொடவேண்டியதில்லை.

ஒருங்குறியிலும் குறையுண்டு என்போர் உளர். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல், உயிர்மெய்யைத் துண்டுகளால் ஆக்குவது தமிழுக்கு இழைத்த குறை என்பது அவர்தம் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றபோது, அது செயல்படாத மென்பொருள்களுக்கென எல்லா எழுத்துகளுக்கும் இடம் தரும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியீட்டையும் உடன் ஏற்றது. ஆயினும் கைப்பேசி முதல் வங்கி இயந்திரம் வரை ஒருங்குறியே குடியேறிவிட்டது. எவரும் புழங்காத அகன்ற நெடுஞ்சாலையைவிட எல்லாரும் புழங்கும் தெருவே ஊருக்குப் பயன்படும்.

யார் பொறுப்பு?

ஆதம்பாக்கத்துக் கடைக்காரரைக் குறைகூறுவது எளிது, நேர்மையன்று. பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. ஒருங்குறியில் தட்டச்சுச் செய்தால் அவரால் அச்சுப்பக்கம் அமைக்க இயலாது. இயலாதெனில் அவருக்குப் பிழைப்பு இல்லை. பெரிய அலுவலகங்களுக்கு அந்நெருக்கடி இல்லை. தரம் அறிவித்தபின்னும் பழைய எழுத்துருக்கள் பல இடங்களில் விடைபெறாமல் இருந்தமைக்குப் பழக்கமே காரணம். புதுக் கணினி வாங்கும் நாளன்று பழைய கோப்புகளுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை.

‘அச்சுக்குரிய பி.டி.எஃப். இருக்கிறதே, அது போதாதா?’ என்று சிலர் வினவுவர். போதாது. பழைய எழுத்துருவில் அமைந்த பி.டி.எஃப். கோப்பு பார்வைக்கு அழகாகத் தோன்றும். அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்தால் அதே ஆங்கிலக் குழப்பமே வரும். பார்வையற்ற மாணவர்க்காகத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், அக்கோப்பைத் திறந்தவுடன் ‘ஜே, கே, பி’ என்று உளறத் தொடங்கும். கண்ணுடையார்க்கு அது புத்தகம், அம்மாணவர்க்கு வெற்றுத்தாள்.

ஓலையிலிருந்து ஓலைக்கு

பனையோலை நெடுங்காலம் நிலைப்பதன்று. செல்லரிக்கும், ஒடியும். அதனை அறிந்த முன்னோர் பழைய ஏடு அழியுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கையிலிருந்தவை இவ்வாறு பலமுறை பெயர்த்தெழுதப்பெற்ற ஏடுகளே. அவற்றில் புள்ளி இல்லை. எகர, ஏகார வேறுபாடு இல்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தை அவர் உறுதி செய்தார்.

நம் காலத்திலும் அப்பணியைச் செய்தவர் உளர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தன்னார்வலர் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் அன்றைய எழுத்துருக்களில் ஏற்றிற்று. பின்னர் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் வழங்கிற்று. ஊதியமின்றிச் செய்த பெயர்த்தெழுதல் அது. பெரும்புலவர் நூல்களுக்கு இவ்வாறு ஆர்வலர் கிடைத்தனர். தெருவோரக் கடையில் ஏறிய ஏரி வரலாற்றுக்கும், குடமுழுக்கு மலருக்கும், தாத்தாவின் நாட்குறிப்புக்கும் அவரவர் வீட்டாரைத் தவிர வேறு யார் உளர்?

எனவே பழைய கணினியைக் கழிவுப்பொருள் வணிகரிடம் எடைக்குப் போடுமுன், அதனை ஒருமுறை இயக்கிப் பார்க்கவேண்டும். கோப்புடன் அதற்குரிய எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும். எழுத்துருவின் பெயர் தெரியாவிடில் மாற்றியாலும் பயனில்லை. மாற்றியபின் அச்சுநூலை அருகில் வைத்து, ஒருவர் படிக்க மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அக்கடையில் பெயர்த்தி செய்யவேண்டியதும் அதுவே. நூல் இருநூறு பக்கம் எனில், நாளுக்குப் பத்துப் பக்கமாக இருபது நாள் வேலை.