அட்டையில் இன்னொரு பெயர்

ஊர் அனந்தபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் "கேரளாவா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க, செஞ்சி பக்கம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் கேரளத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. விழுப்புரம் ஜங்ஷன் வழியாகப் போகும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் நாகர்கோவிலும் வரும், திருச்சூரும் வரும். இன்று நான் எழுத வந்தது இந்த இரண்டு ஊர்க்காரர்களைப் பற்றித்தான்.

இளவயதில் தகழியின் 'செம்மீன்' நாவலைத் தமிழில் படித்தேன். கறுத்தம்மாவுக்காக மனம் கனத்தது. ஆனால் அதைத் தமிழில் தந்தவர் யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. தகழியே தமிழில் எழுதியது போல நினைத்துப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மொழிபெயர்த்தவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அதில் இன்றும் எனக்கு வெட்கம் உண்டு.

சு.ரா. மலையாளத்திலிருந்து கொண்டுவந்தார். அவருடைய எழுத்தை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர் ஆற்றூர் ரவிவர்மா. 1930-இல் திருச்சூர் பக்கத்து ஆற்றூரில் பிறந்தவர். மலையாளப் புதுக்கவிதையின் முன்னோடிகளில் ஒருவர். பி. குஞ்ஞிராமன் நாயரைப் பற்றிய 'மேகரூபன்', 'சங்கிரமணம்' போன்ற கவிதைகளால் அங்கே பெயர் பெற்றவர். எழுதியது குறைவு. 2001-இல் சாகித்ய அகாதெமி விருதும் 2012-இல் கேரள அரசின் எழுத்தச்சன் விருதும் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் சில காலம் மலையாளம் கற்பித்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் தமிழைக் கற்று, 'ஒரு புளியமரத்தின் கதை', 'ஜே.ஜே: சில குறிப்புகள்', ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' ஆகியவற்றை மலையாளத்தில் தந்தார். நம் புதுக்கவிதைகளைத் திரட்டி 'புதுநானூறு' என்று தலைப்பிட்டார். புறநானூறு நினைவுக்கு வருகிறதல்லவா? தமிழ் பக்திப் பாடல்களையும் விடவில்லை. 2019 ஜூலை 26-இல், 88 வயதில் காலமானார்.

'ஜே.ஜே.'யில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாவலின் நாயகன் ஒரு கற்பனை மலையாள எழுத்தாளன். அவனைப் பற்றிச் சொல்பவன் பாலு என்ற தமிழ் எழுத்தாளன். தமிழன் கற்பனை செய்த மலையாளியை ஒரு மலையாளிக் கவிஞரே தம் மக்களிடம் கொண்டுபோயிருக்கிறார்.

"இரண்டும் அக்கா தங்கை மொழிதானே, இதில் என்ன பெரிய வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நெருக்கம்தான் ஆபத்தே. அங்கே வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். இங்கே ஏரி உடைத்துக்கொண்டு வருவது. அங்கே சம்சாரம் என்றால் பேச்சு, இங்கே வீட்டுக்காரி. அங்கே விகாரம் என்றால் உணர்ச்சி, இங்கே அழகில்லாதது. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் காலை வாரிவிடும். கவிதையில் ஒரு சொல் பிசகினால் மொத்தமும் போச்சு.

என் கருத்து இதுதான். மொழிபெயர்த்தவரின் பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் போதாது. அட்டையில், ஆசிரியர் பெயருக்குக் கீழே இருக்க வேண்டும். சில பதிப்பகங்கள் இதைச் செய்கின்றன. எல்லாருமே செய்ய வேண்டும். மூல ஆசிரியர் பெயருக்குத்தான் புத்தகம் விற்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நாம் படிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் மொழிபெயர்த்தவர் உட்கார்ந்து எழுதியது. கட்டிய கொத்தனாரைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டு வேட்டி துண்டு கொடுக்கிறோம். இவர்களுக்கு ஒரு வரி கொடுக்கக் கூடாதா?

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஒரு கவிஞர் தம் எழுத்து வேலைக்கு நடுவே நம் மொழியைக் கற்றார். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் நமக்கு நேரமில்லை என்று சொல்ல வாய் வராது. தாமதமாகத்தான், நான் மலையாள எழுத்துகளை எழுதிப் பழகுகிறேன். வட்டம் வட்டமாகப் போட்டுக் கை வலிக்கிறது. பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, ஜிலேபி சுத்துறீங்களா?" என்கிறாள்.

உங்கள் அலமாரியில் வேற்றுமொழிக் கதை ஒன்றாவது இருக்கும். எடுத்து, மொழிபெயர்த்தவர் யாரென்று பாருங்கள். பெயரை எனக்கும் எழுதுங்கள்.