முதுமாணிக்குக் கட்டணம், கலாநிதிக்குச் சம்பளம்: நோர்வேயின் கணக்கும் எங்கள் கணக்கும்

2025 ஏப்ரலில் நோர்வே அரசு 100 மில்லியன் குரோனர் திட்டமொன்றை அறிவித்தது. அமெரிக்காவில் ஆய்வு நிதி வெட்டப்பட்டதால் தடுமாறும் விஞ்ஞானிகளையும், வேறு நாடுகளின் தேர்ந்த ஆய்வாளர்களையும் இங்கே அழைத்து வருவது அதன் நோக்கம். நல்ல விடயம்தான். ஆனால் இதே நாடுதான் 2023 இலையுதிர்காலம் முதல், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர்களிடம் பல்கலைக்கழகக் கட்டணம் அறவிடத் தொடங்கியது. பழுத்த மரத்தை வேரோடு பெயர்த்து வர 100 மில்லியன். நாற்றுக்கு வாசலிலேயே வரி.

இந்த முரண்பாடு அதிகம் உறைக்கும் துறைகளில் ஒன்று மூலக்கூற்று உயிரியல். கலத்துக்குள் மரபணுவும் புரதமும் எப்படி இயங்குகின்றன என்று படிப்பது அது. அந்த அறிவைக்கொண்டு மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவி என்று செய்வது உயிரியற் பொறியியல். நோர்வேக்கு இது ஆடம்பரப் படிப்பு அல்ல. எண்பதுகளில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் கை விறைக்க மீன் வெட்டியவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அதே காலத்தில், 1987 இல், நோர்வேயின் வளர்ப்பு மீன்களுக்கு ஏறத்தாழ 50 தொன் அன்ரிபயோற்றிக் கொடுக்கப்பட்டது. இன்று மீன் உற்பத்தி பல மடங்கு பெருகிய பின்பும் அது ஒரு தொன் அளவுக்கு இறங்கிவிட்டது. முக்கிய காரணம் தடுப்பூசி. அந்தத் தடுப்பூசியின் பின்னால் இருப்பது ஆய்வுகூடத்தில் பல வருடம் குந்தியிருந்த ஆட்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். நோர்வேயில் கலாநிதிப் பட்ட மாணவர் உண்மையில் மாணவர் அல்ல, 'ஸ்திபெந்தியாட்' என்ற பதவியில் இருக்கும் ஊழியர். மூன்று வருடம், கற்பித்தல் கடமையும் சேர்ந்தால் நான்கு வருடம் வேலை ஒப்பந்தம். ஆண்டுச் சம்பளம் ஐந்து லட்சம் குரோனருக்கு மேல். வரி கட்ட வேண்டும், ஓய்வூதியம் சேரும், பிள்ளை பிறந்தால் சம்பளத்தோடு விடுப்பும், அந்த அளவுக்கு ஒப்பந்த நீடிப்பும் உண்டு. எந்த நாட்டவருக்கும் இதே நிபந்தனைதான். 2023 இன் கட்டணச் சட்டம் இதைத் தொடவில்லை.

தொட்டது அதற்கு முந்திய படியை. ஸ்திபெந்தியாட் பதவிக்கு ஆய்வுக் கட்டுரையோடு கூடிய இரண்டு வருட முதுமாணிப் பட்டம் பொதுவாக வேண்டும். முன்பு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பட்டம் முடித்த பிள்ளை, ஒஸ்லோவுக்கோ ஓஸுக்கோ வந்து முதுமாணியைக் கட்டணமின்றிப் படித்து, பேராசிரியர்களுக்கு முகம் தெரிந்த ஆளாகி, அடுத்த படிக்கு விண்ணப்பிக்கலாம். வளர்முக நாட்டு மாணவர்களுக்கான கோட்டாத் திட்டமும் இருந்தது. நாடு திரும்பினால் கடனைத் தள்ளுபடி செய்த அந்தத் திட்டம் 2016 ஐ அடுத்துப் படிப்படியாக மூடப்பட்டது. இப்போது கட்டணத்தோடு, ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு ஒன்றரை லட்சம் குரோனருக்கும் மேல் கையில் இருப்பதாகக் காட்டவும் வேண்டும். இலங்கை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஒரு காணி விற்கவேண்டி வரும்.

ஊரிலிருந்து உறவினர் "பிள்ளையை நோர்வேக்குப் படிக்க எடுக்கேலுமோ" என்று கேட்டால், ஏஜென்சிக்குக் காசு கட்ட முன்னர் இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். முதுமாணியை அங்கேயே, பேராதனையிலோ, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்திலோ நல்ல ஆய்வுக் கட்டுரையோடு முடித்துவிட்டு, இங்கே ஸ்திபெந்தியாட் வேலைக்கு நேரடியாக விண்ணப்பிப்பது ஒரு வழி. போட்டி கடுமை. ஆனால் தோற்றாலும் காணி மிஞ்சும்.

இங்கே பிறந்த பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குக் கட்டணமில்லை, லோனேகாசன் கடன் உண்டு, பட்டத்தை முடித்தால் அதில் 40 வீதம் வரை உதவித்தொகையாக மாறும். இருந்தும் மருத்துவத்துக்கு இங்கே புள்ளி போதாவிட்டால் உடனே போலந்து, ஹங்கேரி என்றுதான் வீடுகளில் பேச்சு. அங்கே கட்டணமும் உண்டு, அதற்கான கடனும் கூடும். ஆய்வுகூடப் படிப்பு என்றால் "பிறகு என்ன வேலை?" என்பது கேள்வி.

அந்தக் கேள்வி பிழையல்ல. கலாநிதிக்குப் பிறகு வரும் வேலைகளும் பெரும்பாலும் தற்காலிக ஒப்பந்தங்களே. நிரந்தர இடம் கிடைக்க முப்பதுகளின் நடுப்பகுதி தாண்டலாம். இதை மறைத்துப் பிள்ளைகளை உற்சாகப்படுத்துவது நேர்மையல்ல. ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்க்கவேண்டும்: ஒஸ்லோமெத் கற்பிக்கும் 'பியோஇன்ஷினியோர்' மூன்று வருடப் படிப்பு, வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கான அங்கீகரிக்கப்பட்ட சுகாதாரத் தொழில். பெயரைப் பார்த்து அதை உயிரியற் பொறியியல் என்று நினைத்துவிடுகிறோம். விரைவில் உறுதியான வேலை வேண்டும் என்றால் அதுவே நல்ல தெரிவு. தடுப்பூசி செய்யும் பக்கம் போக விரும்பும் பிள்ளைக்கு அது சுற்றுவழி.

பிளின்டர்னுக்கும் ரிக்ஸ்ஹொஸ்பித்தாலுக்கும் இடையில் 2019 இல் கட்டத் தொடங்கிய உயிரறிவியல் கட்டடம் 97,000 சதுர மீட்டர், நோர்வேயின் மிகப்பெரிய பல்கலைக்கழகக் கட்டடம். அதற்குள் வேலை செய்யப்போகிறவர்களுக்கான விளம்பரங்கள் ஜொப்நோர்கே தளத்தில் வருகின்றன, சம்பளத் தொகையோடு. பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே இருக்கும்; ஊரிலுள்ள பிள்ளையும் நேரே வாசிக்கலாம்.