திருத்தும் உரிமை யாருக்கு?

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் என் ஆய்வுப் பொருளைச் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர் புன்னகைத்தார். "மனுவைத் திருத்துவது வெறும் நடைமுறை. அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்றார். அங்கே சொல்ல நேரம் கிடைக்காத மறுப்பை இங்கே எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் மயூர் விஹார் முதல் கட்ட மெட்ரோ நிலையத்திலிருந்து மூன்றாவது நிலையத்தில் நொய்டா தொடங்கிவிடுகிறது. அங்கே வீடு வாங்குவோர் பெரும்பாலும் நிலத்துக்கு உடைமையாளர் ஆவதில்லை. வளர்ச்சி ஆணையம் கட்டுமான நிறுவனத்துக்கு 90 ஆண்டுக் குத்தகை தருகிறது. நிறுவனம் அந்த உரிமையை உள்குத்தகையாக வீடு வாங்கியவருக்கு மாற்றித் தருகிறது. அப்பத்திரத்தில் மூவரும் கையொப்பமிட வேண்டும். நிறுவனம் நொடித்துப்போனால் அதே நிலத்தின் மீது மூவர் நிற்கிறார்கள்: குத்தகை பாக்கி கேட்கும் ஆணையம், கடன் கொடுத்த வங்கி, பணம் கட்டிவிட்டு வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பம். தாக்கல் செய்த தாளில் குறை இருந்தால் இம்மூவரையும் சட்டம் எப்படி நடத்துகிறது?

முதலில் வங்கி. தேனா வங்கி வழக்கில் கடன் 2013 இறுதியிலேயே வாராக்கடன் ஆகிவிட்டது. காலவரம்பு மூன்று ஆண்டு. நொடிப்பு மனுவோ 2018 அக்டோபரில்தான் தாக்கலானது. காலவரம்பைக் காப்பாற்றக்கூடிய 2017ஆம் ஆண்டின் மீட்புச் சான்றிதழை வங்கி பின்னர்தான் சேர்த்தது. 2021 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம், மனுவை ஏற்றோ தள்ளியோ இறுதி ஆணை பிறக்கும்வரை அதைத் திருத்தவும் ஆவணம் சேர்க்கவும் தடையில்லை என்றது.

அடுத்து ஆணையம். நொய்டா தரும் குத்தகை நிதிக் குத்தகை அன்று, ஆகவே ஆணையம் நிதிக் கடனீந்தோர் ஆகாது என்று 2022 மே 17 அன்று தீர்ப்பு வந்தது. கிரேட்டர் நொய்டா ஆணையமோ வேறொரு நிறுவனத்தின் நொடிப்பில் தன் கோரிக்கையை நிதிக் கடனீந்தோருக்குரிய படிவத்தில் கொடுத்திருந்தது. படிவத்தை மாற்றித் தரக் கேட்டும் தரவில்லை. ஆயினும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், படிவம் தவறு என்பதால் கோரிக்கையே இல்லாமற்போகாது என்று கூறி, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற தீர்வுத் திட்டத்தை ரத்து செய்தது.

இவ்விரண்டு தீர்ப்புகளும் சரியானவை என்றே கருதுகிறேன். என் சினம் மூன்றாமவரைப் பற்றியது.

வீடு வாங்கியோர் நிதிக் கடனீந்தோர் என்று 2018இல் சட்டம் தெளிவுபடுத்தியது. அதை நம்பித் தனியாளாகவே பலர் மனுச் செய்தனர். 2019 டிசம்பர் 28 அன்று விதி மாறியது. அதே திட்டத்தில் வீடு ஒதுக்கப்பெற்றோரில் 100 பேர், அல்லது 10 விழுக்காட்டினர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தே மனுச் செய்ய வேண்டும். நிலுவையிலிருந்த மனுக்களையும் 30 நாளுக்குள் அவ்வாறு திருத்த வேண்டும். தவறினால் அவை திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். தாக்கல் செய்த நாளில் அந்த மனுக்களில் குறையே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். வங்கிக்குத் திருத்தம் ஓர் உரிமை. இவர்களுக்கு அதுவே தண்டனை ஆயிற்று.

ஒருவரிருவர் மனுவால் முழுத் திட்டமும் முடங்கிவிடும், மற்ற குடும்பங்கள் பாதிக்கப்படும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. இனி வரும் மனுக்களுக்கு வரம்பு வைப்பதை அது நியாயப்படுத்தும். ஏற்கெனவே வரிசையில் நின்றவரிடம், முகம் தெரியாத 99 பேரை ஒரு மாதத்தில் அழைத்து வா என்பதை எப்படி நியாயப்படுத்தும்? 2021 ஜனவரி 19 அன்று மணீஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தைச் செல்லும் என்றது. தன் முன் வந்த மனுதாரர்கள் இரண்டு மாதத்துக்குள் மீண்டும் மனுச் செய்தால் நீதிமன்றக் கட்டணம் வேண்டாம் என்று சலுகை அளித்தது. அச்சுமை கடுமையானது என்பதற்கு அச்சலுகையே சான்று. வழக்காடும் வாய்ப்பற்ற மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 6, விதி 17 நமக்குத் தெரிந்ததே. 1999இல் அதை நீக்கச் சட்டம் இயற்றினார்கள், வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள், 2002இல் விசாரணை தொடங்கிய பின் திருத்தத்துக்கு ஒரு கட்டுப்பாட்டோடு அது திரும்பி வந்தது. அமைப்பாகக் குரல் எழுப்ப முடிந்தவர்களுக்கு நடைமுறை வளைந்தது. சிதறிக் கிடந்தவர்களுக்கு வளையவில்லை.

ஆகவே பேராசிரியருக்கு என் பதில் இதுதான். பிழை யாருக்கு மன்னிக்கப்படுகிறது, பிழையே செய்யாத யார் திருத்திக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தப்படுகிறார் என்பது கடன் சட்டத்தின் மையக் கேள்வி. அதை அடிக்குறிப்பாகக் கற்பிக்கும் வரை, அந்த 30 நாளில் எத்தனை மனுக்கள் மறைந்தன என்று எண்ணிப் பார்க்கும் மாணவர் நம் வகுப்பிலிருந்து வரமாட்டார்.