வெப்சைட் இருக்கட்டும், பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?

கம்ப்யூட்டர் தெரிஞ்ச நம்ம ஆளுங்க ஒரு தொண்டு நிறுவனத்துக்குள்ள போனதும் முதல்ல கேக்குற கேள்வி, "உங்களுக்கு வெப்சைட் இருக்கா?" இல்லைன்னு பதில் வந்தா போதும், முகத்துல அப்படி ஒரு பிரகாசம். ரெண்டே வாரத்துல சுழலுற படம், 'எங்கள் நோக்கம்', 'நன்கொடை அளிக்க' எல்லாத்தோடவும் ஒரு வெப்சைட் தயார். மூணாவது வாரம் ஆளைக் காணோம்.

யாரையும் குத்திக் காட்ட இதை எழுதலைங்க. சம்பளம் இல்லாம சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து வர்றவங்களை எப்படித் திட்ட முடியும்? நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். ஆறேழு வருஷமா சில சின்ன அமைப்புகளுக்குப் போய் கம்ப்யூட்டர் எடுபிடி வேலை பார்த்துட்டு வர்றேன். பார்த்த வரைக்கும் எனக்குத் தோணுறது இதுதான்: புதுசா செஞ்சு கொடுக்க ஆள் நிறைய இருக்கு. செஞ்சதைப் பார்த்துக்கத்தான் நாதியில்லை.

இத்தனை வருஷத்துல எந்த அமைப்பும் என்கிட்ட ஆப் வேணும்னு கேட்டதில்லை. கேட்டதெல்லாம் இப்படித்தான்: "தம்பி, பாமினில அடிச்ச பழைய ஃபைல் எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது." "வேலையை விட்டுப் போன பொண்ணோட செல்லுக்குத்தான் இன்னும் ஓடிபி போகுது, என்ன பண்றது?" "ரசீது எல்லாம் ஒரே எக்செல்ல இருக்கு, அது திறக்க மாட்டேங்குது." ஒவ்வொண்ணும் அரை மணி நேர வேலை. ரெஸ்யூமேல போட்டுக்க முடியாது. ஆனா இது நடக்கலைன்னா அந்த அமைப்போட மாசமே நின்னு போயிடும்.

நான் மிகைப்படுத்துறதா நினைச்சா, இதைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு டிரஸ்ட்டுக்குக் கல்லூரிப் பசங்க புராஜெக்டா ஒரு வெப்சைட் பண்ணிக் கொடுத்தாங்க. டொமைனை ஒரு பையன் தன்னோட சொந்த மெயில்ல பதிவு பண்ணினான். படிப்பு முடிஞ்சது, வேலை கிடைச்சது, வெளிநாடு போயிட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவன் திறந்தே பார்க்காத பெட்டிக்குப் போச்சு. டொமைன் காலாவதி ஆனதும் யாரோ அதை வாங்கி சூதாட்ட விளம்பரம் போட்டுட்டாங்க. டிரஸ்ட்டோட ரசீதுப் புத்தகம், நோட்டீஸ், வாசல் போர்டு எல்லாத்துலயும் அதே முகவரி. பழைய நன்கொடையாளர் ஒருத்தர் போன் பண்ணி, "என்னம்மா, சீட்டாட்டம் ஆரம்பிச்சுட்டீங்களா?"ன்னு கேட்டப்பத்தான் விஷயமே தெரிஞ்சது. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் கட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்தப் பையன் நல்லவன்தான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை, அவ்வளவுதான்.

இப்போ அரசாங்க வேலையும் இணையத்துக்குப் போயிடுச்சு. 2021-22 நிதியாண்டுல இருந்து, 80ஜி சலுகை இருக்கிற அமைப்புகள் நன்கொடை கொடுத்தவங்க விவரத்தை வருமான வரித்துறைக்கு இணையத்துலயே தாக்கல் பண்ணணும். அந்த எக்செல் ஃபைல் போச்சுன்னா வரிச்சலுகை சான்றிதழும் சிக்கல்தான். அடுத்த வருஷம் அந்த நன்கொடையாளர் வருவாரா சொல்லுங்க?

இதைவிட முக்கியமானது குழந்தைகள் விஷயம். குழந்தைகள் இல்லத்துக்கு ஒருநாள் போறவங்க கேக் வெட்டி, போட்டோ எடுத்து, அங்கேயே நின்னு அப்லோடும் பண்றாங்க. 2015 சிறார் நீதிச் சட்டத்தோட 74ஆவது பிரிவுப்படி, பாதுகாப்பு தேவைப்படுற குழந்தையோட பேர், படம், முகவரி, பள்ளின்னு அடையாளம் தெரியுற எதையும் வெளியிடக்கூடாது. மீறினா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம். இதை இல்லத்துக்கும் தெரியப்படுத்தி, வெப்சைட்ல ஏற்கெனவே இருக்கிற படங்களை எடுக்க வைக்கிறதும் நம்ம வேலைதான். அதுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க, பரவாயில்லை.

"பெரிய அளவுல தன்னார்வலர்கள் சாதிச்சதே இல்லையா?"ன்னு கேப்பீங்க. ஏன் இல்லாம? 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் சில நாள்லயே இலங்கைக் கணினிக்காரங்க ஒண்ணு கூடி 'சஹானா'ன்னு ஒரு மென்பொருள் எழுதினாங்க. காணாமப் போனவங்க பட்டியல், முகாம், நிவாரணம் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்துறதுக்கு. 2005ல பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது போச்சு. 2006ல சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை விருது கொடுத்தது. 2009ல அதைப் பார்த்துக்கறதுக்குன்னே தனி அறக்கட்டளை அமைஞ்சது. நிரல் திறந்த மூலமா இருந்ததால எழுதினவங்க போனாலும் அடுத்தவங்க எடுத்துச் செய்ய முடிஞ்சது. 2018 கேரள வெள்ளத்தப்போ மாநில ஐ.டி. மிஷனோட சேர்ந்து தன்னார்வலர்கள் நடத்தின 'கேரளா ரெஸ்க்யூ' தளத்தோட நிரலும் திறந்தே இருந்தது. ரெண்டுலயும் வேலை ஒரே ஆளோட லேப்டாப்ல முடங்கலை, கவனிச்சீங்களா?

இதுக்கெல்லாம் முன்னாடி, 1987ல சான் பிரான்சிஸ்கோல 'கம்ப்யூமென்டார்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச தன்னார்வலரையும் தொண்டு நிறுவனத்தையும் கோத்து விடுறதுதான் வேலை. இன்னைக்கு 'டெக்சூப்'னு உலகம் பூரா தெரியுற அமைப்போட ஆரம்பம் அதுதான். பேர்லயே 'மென்டார்' இருக்கு பாருங்க. கூட இருந்து கத்துக் கொடுக்குற ஆள்!

இப்போ ஏஐ வந்தாச்சு, ஒரே சாயங்காலத்துல ஆப் பண்ணிடலாம். அதனாலதான் எனக்குப் பயம் கூடியிருக்கு. செய்யுற செலவு குறைஞ்சு போச்சு, பார்த்துக்குற செலவு அப்படியே இருக்கு. யானையைச் சும்மாவே கொடுத்தாலும் தீனி யாரு போடுறது?

"வேலை, கல்யாணம், குழந்தை, வெளியூர்னு எங்களுக்கும் வாழ்க்கை இருக்கே, எத்தனை வருஷம் வர முடியும்?" நியாயமான கேள்வி. ஒருநாள் நாமும் போகத்தான் போறோம். அதனால முதல் நாள்லயே போறதுக்குத் தயாரா வேலை செய்யணும். நான் கடைப்பிடிக்கிறது இது:

1. டொமைன், மெயில், வங்கி சம்பந்தப்பட்ட எதுவும் என் பேர்லயோ என் நம்பர்லயோ இருக்கக்கூடாது. அமைப்போட பேரு, அமைப்போட போன்.

2. அங்க இருக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ தனியா செய்யுற வரைக்கும் வேலை முடிஞ்சதா அர்த்தம் இல்லை. நான் மவுஸைத் தொட மாட்டேன், அவங்கதான் தொடணும்.

3. முக்கியமான பாஸ்வேர்டுகள் காகிதத்துல எழுதி, உறை போட்டு, பீரோவுல. சாவி ரெண்டு பேர்கிட்ட. சிரிக்காதீங்க, வேலை செய்யுது. :-)

4. கோப்புகளுக்கு ரெண்டு நகல். ஒண்ணு வேற கட்டடத்துல. மூணு மாசத்துக்கு ஒருதடவை திறந்து பார்க்கணும்.

5. எக்செல்ல முடியுற வேலைக்கு மென்பொருள் எழுதக்கூடாது.

தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு சொல்வாங்க. கம்ப்யூட்டர்னா கண்டிப்பா பாருங்க! 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சது. பெரிய கம்பெனிகள் கழிக்கிற பழைய மிஷினை வாங்கும்போது 11 ஏறுமா, இல்லை லினக்ஸ் போடணுமா, யார் போடுவாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க. 'இலவசமாக் கொடுக்குறாங்களே, எப்படிக் கேக்குறது'ன்னு கூச்சப்படாதீங்க. ஆண்டு விழா மேடைக்குப் பட்ஜெட் போடுறோம் இல்லையா, அதே மாதிரி டொமைனுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரு வரி ஒதுக்குங்க.

அடுத்த தடவை ஒருத்தர் வந்து "சூப்பரா ஒரு ஆப் பண்ணித் தர்றோம்"னு சொன்னா ரெண்டே கேள்வி கேளுங்க. "அடுத்த வருஷம் இதை யார் பார்த்துப்பாங்க? பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்?" பதில் சொல்லத் தெரிஞ்சவர்னா காபி கொடுத்து உக்கார வைங்க. அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.