மாரி கழிந்தபின் தேன்பெட்டி

வசந்தம் வந்ததும் தேனீக் குடும்பம் பெருகும் என்று மேலைநாட்டுக் கைநூல்கள் எழுதுகின்றன. மட்டக்களப்பு வாவிக் கரையில் அந்த வசந்தத்தை எங்கே தேடுவது? இங்கே தேனீ பட்டினி கிடப்பது மழைக்காலத்தில். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை படுவான்கரையை வெள்ளக்காடாக்கும்போது அது வெளியே பறக்க இயலாது. மகரந்தம் வராவிட்டால் இராணித் தேனீ முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

தை பிறந்து வெயில் எறித்தாலும் பெட்டி உடனே நிறைந்துவிடாது. நாட்டுத் தேனீயின் முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ 20 நாள் செல்லும். பின்னும் இரண்டு மூன்று கிழமை அது குஞ்சுகளுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது என்று கூட்டுக்குள்ளேயே உழைக்கும். அதன் பிறகே பூத்தேடிப் போகும். தை நடுவில் இட்ட முட்டை உழைத்துத் தருவது மாசிக் கடைசியில்தான். அதற்குள் மழைக்குத் தப்பிய முதிய தேனீக்கள் மடிந்துகொண்டிருக்கும். ஆகவே முதற் சில கிழமைகளில் குடும்பம் சிறுத்தும் போகலாம். நோயென்று கலங்க வேண்டியதில்லை.

இதை அறியாமல் வாழ்வாதார உதவி என்று ஐப்பசியில் பெட்டியைக் கையளித்துவிட்டு, மாசியில் ‘எத்தனை போத்தல் தேன்?’ என்று கேட்பது அநியாயம். நிதியாண்டு டிசம்பரில் முடிகிறதென்பது தேனீக்குத் தெரியுமா? பஞ்சம் வந்தால் கூட்டையே துறந்து பறந்துவிடும் இயல்பு நாட்டுத் தேனீக்கு உண்டு. பிறகு வெறும் பெட்டியோடு நிற்பவர் அந்த வீட்டுப் பெண்தான்.

பெட்டியைத் தையில் கொடுங்கள். சீனிப்பாகுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். வேம்பு பூத்து ஓயும்வரை தேனடையில் கைவைக்க வேண்டாமென்று சொல்லிக்கொடுங்கள். முதலாண்டு அறிக்கையில் தேனுக்கான கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.