பீப் போட்டா பாட்டு சுத்தமாயிடுமா?

பிளஸ் டூ அண்ணன்கள், அக்காக்களுக்கு நாங்கள் கொடுக்கும் பிரிவு உபசார விழா நெருங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு குழு, மேடைக்கு ஒரு குழு, நினைவுப் பரிசுக்கு ஒரு குழு போட்டாச்சு. டி.ஜே. வேலை, அதாவது ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று காது செவிடாகிற வேலை, என் தலையில் விழுந்திருக்கிறது. கூடவே ஒரு உத்தரவும் விழுந்தது: "ராப் கீப் எல்லாம் வேண்டாம்ப்பா, சினிமாப் பாட்டு மட்டும் போடு." அதைப் பற்றித்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன். ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். முழுசும் படித்துவிட்டுக் கோபித்தால் பரவாயில்லை!

உத்தரவுக்குக் காரணம் இருக்கு. போன வருஷ விழாவில் ஒரு ஆங்கில ராப் பாட்டு ஓடியது. போட்ட அண்ணன்கள் பொறுப்பாகத்தான் 'கிளீன் வெர்ஷன்' தேடிப்பிடித்துப் போட்டார்கள். கெட்ட வார்த்தை வருகிற இடத்திலெல்லாம் சத்தத்தை வெட்டிய பிரதி. ஆனால் ஸ்பீக்கர் எங்கெல்லாம் வாயை மூடியதோ, அங்கெல்லாம் ஹால் வாயைத் திறந்தது! அத்தனை பேரும் ஒரே குரலில். முன் வரிசையில் ஆசிரியர்கள். பாடியவரே சொல்லியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

ஆக, ராப் மேல் பழி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதேபோல 'கிளீன் வெர்ஷன் போட்டாச்சு, நம்ம கடமை முடிஞ்சுது' என்று சொல்கிற நண்பர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. சுத்தமான பாட்டு எது என்று ஒரு ஸ்டிக்கர் சொல்லாது, பீப் சத்தம் சொல்லாது, 'சினிமா' என்ற பேரும் சொல்லாது. ஒருத்தர் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை, அர்த்தம் புரிந்து கேட்டாக வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தால் ஹிப்-ஹாப்பைத் தடை செய்யத் தேவையே இல்லை.

முதலில் ஒரு சங்கதி. ஹிப்-ஹாப் பிறந்ததே பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் நடந்த ஒரு பார்ட்டியில்தான் என்று சொல்வார்கள். 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரத்தில் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520-ம் எண் அடுக்குமாடிக் கட்டடம். அதன் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். எதற்கு? பள்ளிக்கூடம் திறக்கிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். (இதை நம்ம விழாவுக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். நான் கருத்து சொல்ல விரும்பவில்லை.) பாட்டு போட்டவர் சிண்டியின் அண்ணன் கிளைவ். வயது 18. ஜமைக்காவில் பிறந்து அமெரிக்கா வந்தவர். உலகம் அவரை டி.ஜே. கூல் ஹெர்க் என்று அறியும்.

ஹெர்க் கவனித்த ஒரு விஷயம்தான் எல்லாத்துக்கும் ஆரம்பம். பாட்டில் பாடுகிறவர் நிறுத்தி, மேளம் மட்டும் தனியாக வாசிக்கிற சில விநாடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அதற்குப் பேர் 'பிரேக்'. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடிந்ததும் இன்னொன்றில் அதையே மறுபடி தொடங்கி, சில விநாடி மேளத்தைப் பல நிமிஷம் ஓட விட்டார். அந்த மேளத்துக்கு ஆடியவர்கள்தான் பி-பாய், பி-கேர்ள். அந்த ஆட்டம் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனது. ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தில் இருக்கிற நண்பர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ராப்பின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். இதில் எந்த இடத்திலாவது ஆபாசம் இருக்கா? மேளம், ஆட்டம், சிநேகிதன் பேர்! நம்ம ஊர்த் திருவிழாவிலும் இதுதானே நடக்குது?

அப்புறம் ஸ்டிக்கர் எப்படி வந்தது? 1984-ல் பிரின்ஸ் என்ற பாடகரின் 'பர்ப்பிள் ரெயின்' வந்தது. அமெரிக்க அரசியல்வாதி அல் கோரின் மனைவி டிப்பர் கோர் அதைத் தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தார். அதில் இருந்த ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்துபோனார். 1985-ல் வேறு சில பெண்களோடு சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கி, பெற்றோரை எச்சரிக்கும் ஒட்டு வேண்டும் என்று போராடினார். இசைக் கம்பெனிகள் இறங்கி வந்தன. 1990-லிருந்து ஒரே மாதிரியான கறுப்பு வெள்ளை முத்திரை வந்தது. கவனிங்க, இத்தனைக்கும் காரணமான அந்தப் பாட்டு ராப்பே இல்லை! ஆனால் முத்திரையைப் பார்த்தாலே எல்லாருக்கும் இன்றைக்கு ராப் ஞாபகம்தான் வருகிறது. முத்திரை போட்டதை விற்கமாட்டோம் என்று வால்மார்ட் மாதிரிப் பெரிய கடைகள் சொன்னதால், கம்பெனிகள் ஒரே பாட்டுக்கு இரண்டு பிரதி செய்ய ஆரம்பித்தன. ஒன்று முழுசு, ஒன்று வெட்டினது.

இப்போது ஃபோனில் பாட்டுப் பேருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்தில் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதுவும் இந்த முத்திரையின் பேரன்தான். அது உதவாது என்று சொல்லவில்லை. 'இ' இருந்தால் தொடாதே, சரி. ஆனால் 'இ' இல்லாவிட்டால் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. பாட்டைக் கொடுக்கிற கம்பெனி சொன்னால்தான் அந்த எழுத்து விழும்.

முத்திரையும் இல்லாமல், கெட்ட வார்த்தையும் இல்லாமல் மாட்டிவிடுகிற பாட்டுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ராப்புக்கு என்று முதன்முதலில் கிராமி விருது கொடுத்தது 1989-ல். வாங்கியவர்கள் டி.ஜே. ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ். இந்த ஃப்ரெஷ் பிரின்ஸ் வேறு யாருமில்லை, நடிகர் வில் ஸ்மித்! கெட்ட வார்த்தை போடாமல் ராப் பாடுகிறவர் என்றே அவருக்குப் பேர். விருது வாங்கிய பாட்டு, பெற்றோருக்கு நம்மைப் புரியவே புரியாது என்பது பற்றி. முதல் பாதியில் அம்மா பள்ளிக்கூடத்துக்குத் துணி வாங்கக் கூட்டிப்போய்ப் பழைய பாணித் துணியாக எடுத்துக் கொடுக்கிறார். நம்ம வீட்டுத் தீபாவளி ஜவுளியேதான், சிரிச்சு மாளாது. ஆனால் இரண்டாம் பாதியில் பையன் அப்பா அம்மா காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, போலீஸில் மாட்டுகிறான். அந்தப் பெண் வீட்டை விட்டு ஓடி வந்த 12 வயசுச் சிறுமி. கதையில் அவனுக்கு உதை விழுகிறது என்றாலும், ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் உட்கார்ந்திருக்கிற ஹாலில் நான் அதைப் போட மாட்டேன். முதல் நிமிஷம் மட்டும் கேட்டுவிட்டு 'சூப்பர்' என்று பட்டியலில் சேர்ப்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

இனி, போன வருஷம் ஹால் கத்தியதே, அந்த வார்த்தைக்கு வருகிறேன். அதில் ஒன்று சாதாரணக் கெட்ட வார்த்தை இல்லை. கறுப்பின மக்களை அடிமையாக விலைக்கு வாங்கி விற்ற காலத்திலிருந்து, அவர்களை இழிவுபடுத்திச் சொன்ன வார்த்தை. அந்த மக்களில் சிலர் தங்களுக்குள் அதையே எடுத்து வேறு பொருளில் பேசுகிறார்கள், பாடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்களும் அவர்களிலேயே உண்டு. அது அவர்கள் வழக்கு, அவர்கள் பேசித் தீர்க்கட்டும். நாம் யார் நடுவில் கத்த? "அர்த்தம் தெரியாம ஜாலிக்குக் கத்தினோம்டா" என்கிறான் என் பக்கத்து பெஞ்சு நண்பன். சரி மச்சான், நம்ம ஊரில் ஒருத்தரை அவர் சாதிப் பேரைச் சொல்லி ஏசினால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியுமே? எங்கோ வெளிநாட்டு ஹாலில் நூறு பிள்ளைகள் அந்த ஏச்சைத் தாளம் போட்டுக் கத்தி ஆடினால் நீ ஜாலியா இருப்பியா? இதைக் கேட்டதும் அவன் பதில் சொல்லவில்லை. அவனும் இப்போது என் பாட்டுக் குழுவில் இருக்கிறான்.

அதே தராசில் சினிமாப் பாட்டையும் வைக்க வேண்டும் இல்லையா? 'சினிமா மட்டும்' என்ற சட்டப்படி, இரட்டை அர்த்தம் வைத்த எத்தனையோ குத்துப் பாட்டு ஆண்டு விழாவில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஆட்டமாகவே மேடை ஏறுகிறது. அப்பா அம்மா எல்லாரும் வீடியோ எடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அசிங்கம், தமிழில் இருந்தால் 'பழகிப்போச்சு'! இதைவிட மோசம் ஒன்று இருக்கு. தன் சாதிப் பெருமையைப் பாடி, மற்றவனுக்கு அரிவாள் காட்டுகிற பாட்டு. அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இருக்காது. 'இ' முத்திரை இருக்காது. பீப் போட இடமே கிடைக்காது. என் கணக்கில் அழுக்கிலேயே பெரிய அழுக்கு அதுதான். அது எங்கள் பென் டிரைவுக்குள் நுழையாது. நேயர் விருப்பம், சிபாரிசு எதுவும் செல்லாது.

'சினிமா மட்டும்' சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. 1994-ல் வந்த 'காதலன்' படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் 'பேட்டை ராப்' இருக்கிறது. பேரிலேயே ராப்! சட்டப்படி இது சினிமா என்பதால் போடலாமா, ராப் என்பதால் கூடாதா? (பி.டி. சார் இதற்கு ஆடியிருக்கிறார் என்று நம்பத் தகுந்த வட்டாரத் தகவல்.)

சரி, அப்படியானால் என்னதான் போடுவது? தேடினால் நிறையவே கிடைக்குது. மலேசியத் தமிழர்களான யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல் 'வல்லவன்' என்ற தொகுப்பு போட்டார்கள். அதில் 'மடை திறந்து', 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டின் மேல் கட்டியது. பழைய பாட்டு தெரிந்த ஆசிரியர்களும் கூடவே முணுமுணுப்பார்கள். 2021-ல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' தெரியாதவர் இல்லை. ஆனால் அது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆடவும் வைக்குது, தாத்தா பாட்டியை நினைக்கவும் வைக்குது. இதைப் போய் 'ராப் கீப்' என்று ஒதுக்கினால் நியாயமா?

ஆங்கிலத்தில் எம்.சி. ஹேமர் 1990-ல் பாடிய 'யூ கேன்ட் டச் திஸ்' இருக்கு. 'என்னைத் தொட முடியாது' என்ற வீறாப்புதான் மொத்தமும். அப்புறம் பிளாக் ஐட் பீஸ் குழுவின் 'லெட்ஸ் கெட் இட் ஸ்டார்டட்'. 2003-ல் முதலில் வந்தபோது அதன் பேரே மூளை வளர்ச்சி குறைந்தவர்களைக் கேலி செய்கிற ஒரு சொல்லோடு இருந்தது. 2004-ல் அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டி ஒளிபரப்புக்காக அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பல்லவியையே மாற்றிப் பாடினார்கள். மாற்றிப் பாடியதுதான் உலகம் முழுக்க ஓடியது, கிராமியும் வாங்கியது. வெட்டி ஓட்டை விடாமல் திருப்பி எழுதினார்கள் பாருங்க, அதைத்தான் நான் சுத்தமான பிரதி என்பேன். ஓட்டை இல்லாத இடத்தில் ஹால் எதைக் கத்தும்?

அதுவும் பயம் என்றால் வார்த்தையே இல்லாத ஹிப்-ஹாப் இருக்கு. 1973-ல் இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட் வாசித்த 'அப்பாச்சி' முழுக்க முழுக்க வாத்தியம். ஹெர்க் தன் பார்ட்டிகளில் சுற்றிச் சுற்றி ஓட விட்ட தட்டு. அதன் மேல் நம்ம ஆட்களே மைக்கில் வந்து, பிளஸ் டூ அண்ணன் அக்காக்கள் ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி நாலு வரி ராப் பாடலாம். தமிழ் ஐயா ஒருமுறை திருத்திக் கொடுத்தால் எதுகை மோனையும் சரியாயிடும். கோக் லா ராக் செய்ததும் இதுதானே?

நல்ல பாட்டு எல்லாம் விழாவுக்கு ஆகும் என்றும் நான் சொல்லவில்லை. 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழு பாடிய 'தி மெசேஜ்' ஏழைத் தெருவின் வாழ்க்கையை அப்படியே சொல்கிற பெரிய பாட்டு. கென்ட்ரிக் லாமரின் தொகுப்புக்கு 2018-ல் புலிட்சர் பரிசே கிடைத்தது. ஆனால் ஐஸ்கிரீம் கையில் இருக்கிற நேரத்தில் அதெல்லாம் எதுக்கு? ஆங்கில மிஸ் மனசு வைத்தால் 'தி மெசேஜ்' வரிகளை வகுப்பில் வைத்துப் பேசலாம். ஒரு பீரியட் போதாது.

வேலை செய்யப்போகும் முறையையும் சொல்லிடறேன். குழுவில் ஐந்து பேர். இரண்டு பெண்கள் கட்டாயம் உண்டு, ஏனென்றால் பையன்கள் 'இதுல என்ன தப்பு' என்று தாண்டிப் போகும் வரியை அவர்கள்தான் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பேர் ஹெட்ஃபோனில் முழுசாகக் கேட்பார்கள், வரிகளையும் தனியாகப் படிப்பார்கள். அன்றைக்கு இன்டர்நெட் கிடையாது, பென் டிரைவ் மட்டும்தான். ஆன்லைனில் ஒரு பாட்டு முடிந்ததும் அதுவே அடுத்ததைத் தொடங்கி மானத்தை வாங்கிடும். சுத்தப் பிரதியும் ஒரிஜினலும் ஒரே பேரில் இருக்கும் என்பதால் ஃபைல் பேரை நாங்களே மாற்றி வைப்போம். பட்டியல் ஒரு வாரம் முன்னாடி ஆசிரியர் அறைக்குப் போகும், ஒவ்வொரு பாட்டும் என்ன சொல்கிறது என்று இரண்டு வரித் தமிழில். எந்தப் பாட்டுக்கு அந்த இரண்டு வரியை எழுத எங்களுக்கே கூச்சமாக இருக்கோ, அது அப்போதே அவுட்.

நூலக வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். வேண்டிய பாட்டை வெள்ளிக்கிழமைக்குள் சீட்டில் எழுதிப் போடுங்கள். பாட்டின் பேர், பாடியவர், அது என்ன சொல்லுது என்ற இரண்டு வரி, மூன்றும் வேண்டும். வெறும் பேர் மட்டும் எழுதிய சீட்டை எடுக்க மாட்டோம். ஆசிரியர்களும் போடலாம்.

– பிளஸ் ஒன் 'ஆ' பிரிவு, பாட்டுக் குழுவுக்காக